இரத்தத்தில் சாதி இல்லை. சாதியால் நோய் உண்டு

அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்
விராலிமலை



பண்டிதர் அயோத்திதாசரை நினைவுகூரும் மேடையில் மரபணுவைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் கேட்டார்கள். அவரை நினைவுகூர இது பொருத்தமான தலைப்பு என்றே நாங்கள் நினைக்கிறோம். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, 1914இல் மறையும்வரை அவர் எழுதிய எழுத்துகளை நாம் பேசுகிறோம். ஆனால் அவர் ஒரு சித்த மருத்துவர் என்பதை அடிக்கடி மறந்துவிடுகிறோம். நாடி பார்த்த கைதான், 'நாம் யார், எப்போது தாழ்த்தப்பட்டோம்' என்ற கேள்வியையும் எழுதியது. நோயைப் பற்றிய அறிவும் பூர்வீகத்தைப் பற்றிய அறிவும் அவரிடம் ஒன்றாக இருந்தன. இன்று மரபணு அறிவியல் அதே இரண்டையும் ஒரு சொட்டு இரத்தத்தில் சேர்த்துப் படிக்கிறது. படிப்பவர் யார், படித்ததை யாருக்குச் சொல்கிறார் என்பதுதான் நமக்கு முன்னுள்ள கேள்வி.

இந்தக் கேள்வியை இங்கே கேட்க இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் டி.என்.ஏ. என்ற சொல் கிராமங்கள்வரை வந்தது மருத்துவமனை வழியாக அல்ல. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அந்த வழக்கு விசாரணையின் வழியாக வந்தது அந்தச் சொல். அந்த நாளிலிருந்து எங்கள் தாய்மார்களுக்கு டி.என்.ஏ. என்றால் போலீஸ் எடுக்கும் இரத்தம் என்றுதான் பொருள். அந்தச் சொல்லைப் போலீஸ் கையிலிருந்து மீட்டு நம் கைக்குக் கொண்டுவருவது இந்த உரையின் நோக்கங்களில் ஒன்று.

மூக்கை அளந்தவர்கள்

நம் உடலை அளந்து நம் வரலாற்றைச் சொல்ல வந்தவர்கள் இதற்கு முன்பும் இருந்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மண்டையையும் மூக்கையும் அளவுகோல் வைத்து அளந்தார். ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகளை 1909இல் வெளியிட்டார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ரிஸ்லி, மூக்கு அகல அகலச் சமூகத் தகுதி இறங்கும் என்று ஒரு கோட்பாடே செய்தார். சாதி என்பது இனம், இனம் என்பது உடல், ஆகவே சாதி இயற்கை. இதுதான் அவர்கள் கட்டிய வாதம்.

அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட 'தீண்டப்படாதவர்கள்' நூலில் அந்த அளவுகோலையே கையில் எடுத்து அந்த வாதத்தை உடைத்தார். அளவுகள் சொல்வதை நம்புவதானால், ஒரே பகுதியில் வாழும் பிராமணரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம் என்றுதான் சொல்ல வேண்டும் என்று காட்டினார். தீண்டாமைக்கு இனம் காரணமல்ல என்பது அவர் கண்ட முடிவு. அன்று அவரிடம் இருந்தது மூக்களவு மட்டுமே. இன்று நம்மிடம் மரபணு வரிசை இருக்கிறது. அவர் சொன்னதை அது எங்கே உறுதிசெய்கிறது, நம் நோய்களைப் பற்றி அது என்ன சொல்கிறது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

இரண்டு ஏடுகள்

முதலில் அடிப்படை. நம் உடலின் ஒவ்வொரு உயிரணுவிலும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட ஓர் ஏடு இருக்கிறது. உண்மையில் ஓர் ஏடு அல்ல, இரண்டு. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. உலகில் எந்த இருவரை எடுத்தாலும் ஏறக்குறைய ஆயிரத்தில் ஓர் எழுத்துதான் வேறுபடும். ஏடு படியெடுக்கப்படும்போது எழுத்துப்பிழைகள் விழும். பெரும்பாலான பிழைகளால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. சில பிழைகள் நோய் தரும்.

பல பரம்பரை நோய்களில், ஓர் ஏட்டில் பிழை இருந்தாலும் மற்ற ஏடு சரியாக இருந்தால் நோய் வராது. அப்படிப்பட்டவரை மருத்துவத்தில் 'கடத்துநர்' என்பார்கள். அவர் ஆரோக்கியமாகவே இருப்பார். கணவன், மனைவி இருவரும் ஒரே பிழையின் கடத்துநர்களாக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு ஏட்டிலும் பிழை சேர்ந்து நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இந்த 'நான்கில் ஒன்று' என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அடுக்கு: 50,000 ஆண்டுகள்

நம் ஏட்டில் மிகப் பழைய அடுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இந்தியர் எல்லோருடைய மூதாதையரும் பெரும்பாலும் சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வெளியேறிய மக்களின் வழிவந்தவர்களே. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் உசிலம்பட்டிப் பக்கம் ஜோதிமாணிக்கம் கிராமத்தில் எடுத்த இரத்த மாதிரியில், ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியாவரை சென்ற பயணத்தின் தந்தைவழி அடையாளம் ஒன்றைக் கண்டார்கள். உலகம் முழுவதும் பேசப்பட்ட கண்டுபிடிப்பு அது.

அந்தப் பயணத்தில் நம் முன்னோர் தனியாக இல்லை. மேற்காசியாவிலும் ஐரோப்பாவிலும் நியாண்டர்தால் என்ற வேறொரு மனிதர் கூட்டம் வாழ்ந்தது. நம் முன்னோர் அவர்களோடு கலந்தார்கள். அவர்கள் அழிந்துபோனார்கள். ஆனால் ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் எல்லோருடைய ஏட்டிலும் ஒன்று முதல் இரண்டு சதவீதம் அவர்கள் எழுத்து இன்றும் இருக்கிறது. பிராமணர் உடலிலும் பறையர் உடலிலும், ஜெர்மானியர் உடலிலும் சீனர் உடலிலும் இருக்கிறது. இதை எலும்பிலிருந்து படித்துக் காட்டிய ஸ்வாந்தே பேபோவுக்கு 2022இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் பழைய எழுத்து நோயோடு எப்படித் தொடர்புகொள்கிறது என்பதைக் கொரோனா காட்டியது. பேபோவும் ஹ்யூகோ ஸீபெர்க்கும் 2020இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மூன்றாவது நிறப்புரியில் சுமார் 50,000 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு, கொரோனா கடுமையாகும் ஆபத்தைக் கூட்டுகிறது. அந்தத் துண்டு நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது. தெற்காசியாவில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் குறைந்தது ஒரு பிரதி இருக்கிறது. ஐரோப்பாவில் நூற்றுக்குப் பதினாறு பேரிடம்தான் இருக்கிறது.

பின்னர் ஸீபெர்க் இன்னொன்றையும் காட்டினார். அதே துண்டை உடையவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் கால்பங்கு குறைவு. ஒரே எழுத்து ஒரு நோய்க்குக் கதவைத் திறக்கிறது, இன்னொரு நோய்க்கு அடைக்கிறது. இதனால்தான் 'நல்ல இரத்தம்', 'கெட்ட இரத்தம்' என்ற பேச்சு அறிவியலில் நிற்பதில்லை. எந்தக் கிருமி எந்தக் காலத்தில் வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஓர் எழுத்தின் நன்மை தீமை.

இரண்டாம் அடுக்கு: 33,000 ஆண்டுகள்

இரண்டாவது எடுத்துக்காட்டு நமக்கு இன்னும் நெருக்கமானது. அதன் தொடக்கமும் மதுரையில்தான். பெருந்துறை தண்டபாணியும் அவரோடு பணியாற்றிய அறிவியலாளர்களும் 2009இல் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார்கள். இதயத் தசையின் ஒரு புரதத்தைச் செய்யும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போயிருப்பதை இதயநோயாளிகளிடம் கண்டார்கள். பிறகு இந்தியா முழுவதும் தேடினார்கள். நூற்றுக்கு நான்கு பேரிடம் அந்த விடுபடல் இருந்தது. சாதி, மொழி, மதம் என்று எந்த எல்லைக்குள்ளும் அது அடங்கவில்லை. தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவின் சில பகுதிகளிலும் இருக்கிறது. வேறெங்கும் ஏறக்குறைய இல்லை. அது தோன்றிச் சுமார் 33,000 ஆண்டுகள் ஆகின்றன என்று கணக்கிட்டார்கள்.

நோய் தரும் எழுத்து இத்தனை ஆண்டு எப்படி நிலைத்தது? அதன் பாதிப்பு பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகுதான் தெரிகிறது. அதற்குள் பிள்ளை பெற்று, எழுத்தைக் கைமாற்றிக் கொடுத்தாகிவிடுகிறது. இதை உடைய எல்லோருக்கும் இதயம் செயலிழப்பதில்லை. அதே இடத்தில் இன்னொரு மாற்றமும் சேர்ந்தவர்களுக்கே கூடுதல் பாதிப்பு என்று 2018இல் ஒரு ஆய்வு காட்டியது. நாம் கவனிக்க வேண்டியது அதன் வயதை. 33,000 ஆண்டுகளுக்கு முன் வேதம் இல்லை, மனு இல்லை, ஊர் இல்லை, சேரி இல்லை. இந்த நோய் எழுத்து சாதிக்கு முந்தியது. அதனால்தான் எல்லாச் சாதியிலும் இருக்கிறது.

மூன்றாம் அடுக்கு: சுவர் எழுந்த காலம்

மூன்றாவது அடுக்கில்தான் சாதி வருகிறது.

ஹைதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் லால்ஜி சிங், தங்கராஜ் ஆகியோரும் ஹார்வர்டின் டேவிட் ரெய்க் குழுவும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்தியப் பெருநிலத்தில் அவர்கள் ஆராய்ந்த குழுக்கள் எல்லாம் இரண்டு பழைய மூதாதைக் கூட்டங்களின் கலப்பு என்றார்கள். ஒன்றை வட இந்திய மூதாதை என்றும் மற்றொன்றைத் தென்னிந்திய மூதாதை என்றும் அழைத்தார்கள். விகிதம்தான் குழுவுக்குக் குழு மாறுகிறது. கலப்பில்லாதவர் யாரும் இல்லை.

2013இல் அதே குழுவினர் கலப்பின் காலத்தைக் கணக்கிட்டார்கள். சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த நாட்டில் மக்கள் தாராளமாகக் கலந்திருக்கிறார்கள். அதன் பிறகு கலப்பு அருகிவிட்டது. அவரவர் குழுவுக்குள்ளேயே மணமுடிக்கத் தொடங்கிவிட்டார்கள். கல்யாணியில் உள்ள தேசிய உயிரிமருத்துவ மரபணுவியல் நிறுவனத்தினர் 2016இல், மேல்சாதிகள் சிலவற்றில் இந்தக் கதவு சுமார் 70 தலைமுறைக்கு முன் சட்டென்று மூடப்பட்டதாகக் காட்டினார்கள்.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. 'நாங்களே கலப்பற்ற ஆதிக்குடி' என்று நம் மேடைகளில் சிலர் முழங்குகிறார்கள். தூய்மை என்ற சொல்லைத்தான் அவர்கள் நம்மீது எறிந்தார்கள். அதையே எடுத்து நாம் சூடிக்கொள்ளத் தேவையில்லை. தென்னிந்திய மூதாதையின் பங்கு நம்மிடம் இருக்கிறது. நம்மை ஒதுக்குகிறவரிடமும் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் கொடும்பாளூரிலிருந்து சித்தன்னவாசல்வரை பழைய ஈமக்குழிகளும் தாழிகளும் கிடைக்கின்றன. அவற்றுள் புதைந்தவர்களின் எலும்பைப் பார்த்து ஊரார் யார், சேரியார் யார் என்று எவராலும் பிரிக்க முடியாது.

கதவு மூடப்பட்டதும் உடலுக்கு என்ன ஆகும்? ஓர் எளிய கணக்கு. ஐம்பது குடும்பங்கள் சேர்ந்து ஒரு கூட்டமாகப் பிரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் ஒருவரிடம் ஓர் எழுத்துப்பிழை இருக்கிறது. பெரிய மக்கள்தொகையில் அது கரைந்துபோயிருக்கும். இங்கே வெளியிலிருந்து பெண் எடுப்பதில்லை, வெளியில் கொடுப்பதும் இல்லை. முப்பது தலைமுறை கழித்து அந்தக் கூட்டம் லட்சம் பேராகப் பெருகினாலும், எல்லோருடைய ஏடும் அந்த ஐம்பது குடும்பத்தின் ஏடுகளிலிருந்து எடுத்த படிதான். அந்த ஒரு பிழை இப்போது ஆயிரக்கணக்கானோரிடம் இருக்கும். கணவனிடமும் மனைவியிடமும் அதே பிழை சந்திக்கும். நான்கில் ஒன்று என்ற கணக்கு வேலைசெய்யத் தொடங்கும். இதை அறிவியலில் நிறுவனர் விளைவு என்கிறார்கள்.

2017இல் ஹைதராபாத், ஹார்வர்டு அறிவியலாளர்கள் மீண்டும் சேர்ந்து தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்தார்கள். பின்லாந்து மக்களும் அஷ்கெனாசி யூதர்களும் இந்த விளைவால் சில பரம்பரை நோய்கள் மிகுந்தவர்கள் என்று மருத்துவ உலகம் நன்கு அறியும். அவர்களைவிடவும் வலுவான நிறுவனர் விளைவு இங்கே 81 குழுக்களில் இருந்தது. அந்த 81இல் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 14 குழுக்களைத் தனி அட்டவணையாகக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை கள்ளரும் அருந்ததியரும்.

தோழர்களே, இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். நடைமுறையில் சாதி ஏணியின் வெவ்வேறு படிகளில் நிறுத்தப்பட்ட இரண்டு சமூகங்கள் அறிவியலின் ஒரே அட்டவணையில் நிற்கின்றன. அதே அட்டவணையில் பிராமணர், ரெட்டி, பனியா பெயர்களும் உண்டு. காரணம் எல்லோருக்கும் ஒன்றே. சுவரைப் பெருமையாக நினைப்பவரையும், சுவருக்கு வெளியே தள்ளப்பட்டவரையும் அந்தச் சுவர் ஒரே மாதிரி அடைத்துவைத்தது.

அம்பேத்கர் இதை 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையிலேயே சொல்லிவிட்டார். அப்போது அவருக்கு வயது 25. அகமணமே சாதியின் உயிர்நாடி, மற்ற வழக்கங்கள் எல்லாம் அதைக் காப்பாற்ற ஏற்பட்டவை என்றார். அவர் சமூகத்தைப் படித்துச் சொன்னார். நூறு ஆண்டு கழித்து அறிவியல் இரத்தத்தைப் படித்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஆந்திர, தெலங்கானா வைசியர்கள் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. நூறு தலைமுறைக்கு மேலாகத் தங்களுக்குள்ளேயே மணமுடித்தவர்கள். அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்தைச் சிதைக்கும் நொதி அவர்களில் சிலரிடம் வேலைசெய்வதில்லை. மற்றவர்களைவிட இந்தக் குறை அவர்களிடம் சுமார் நூறு மடங்கு அதிகம். மருந்து கொடுத்தால் சில நிமிடங்களில் திரும்ப வேண்டிய மூச்சு பல மணி நேரம் திரும்பாது. முன்கூட்டியே தெரிந்தால் மாற்று மருந்து கொடுத்துவிடலாம். அங்குள்ள மருத்துவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. அருந்ததியர் பெயர் அட்டவணையில் ஏறியிருக்கிறது. அதன் பொருள் என்ன, எந்தெந்த நோயைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் காலனிகளுக்கு வந்து இதுவரை யாரும் சொன்னதில்லை.

சொந்தமும் சாதியும்

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். அக்கா மகளைக் கட்டுவது, மாமன் மகளைக் கட்டுவது என்பது ஒன்று. சாதிக்குள் கட்டுவது என்பது வேறொன்று. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் இரத்த சொந்தத்துக்குள் நடக்கின்றன. பொது மூதாதையின் ஏட்டிலுள்ள பிழை இரு வழியாகவும் பிறக்கும் குழந்தையிடம் வந்து சேரும் வாய்ப்பு இதில் அதிகம். அக்கா மகள் திருமணத்தில் இன்னும் அதிகம். இதை மருத்துவர்கள் சொல்கிறார்கள், மக்களும் ஓரளவு அறிவார்கள்.

யாரும் சொல்லாதது இரண்டாவது. 'சொந்தத்தில் கட்டவில்லை, அந்நியத்தில்தான் எடுத்தோம்' என்று பெருமூச்சு விடுகிறோம். அந்நியம் என்று நாம் சொல்வது அதே சாதியின் வேறொரு ஊர். நிறுவனர் விளைவு வலுவாக உள்ள சாதியில், உறவே தெரியாத இருவரும் மரபணுவில் தூரத்துச் சொந்தக்காரர்களே. ஆகவே சொந்தத்தில் கட்டாதே என்று மட்டும் சொல்லிவிட்டு, சாதிக்குள் கட்டு என்பதைத் தொடாமல் விடும் மருத்துவ அறிவுரை பாதி அறிவுரைதான்.

வெளிநாட்டில் ஒரு வழி கண்டார்கள். அஷ்கெனாசி யூதர்களில் ஏறத்தாழ முப்பதில் ஒருவர் டே-சாக்ஸ் என்ற கொடிய குழந்தை நோயின் கடத்துநர். 1970களில் தொடங்கிய பரிசோதனைகளால் அந்தச் சமூகத்தில் நோய் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. திருமணப் பேச்சுக்கு முன்பே இரு தரப்பையும் சோதித்துச் சொல்லும் ஏற்பாடும் 1983இல் அவர்களிடையே உருவானது. இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பரிசோதனையை. சோதனை செய்துகொண்டு சாதிக்குள்ளேயே பத்திரமாகக் கட்டிக்கொள்ளலாம் என்ற யோசனையை அல்ல. அது சுவருக்கு மருத்துவச் சான்றிதழ் கொடுப்பதாகிவிடும்.

அதேபோல, நோய் வராமலிருக்கச் சாதி மறுத்து மணம் செய்யுங்கள் என்றும் நாங்கள் சொல்லவில்லை. சாதி மறுப்பு மனிதக் கண்ணியத்துக்காக. 2016இல் உடுமலைப்பேட்டைக் கடைவீதியில் சங்கர் வெட்டப்பட்டது சாதிக்கு வெளியே மணம் செய்ததற்காக. அப்படி உயிரைக் கொடுத்தவர்களின் அறத்தை ஆரோக்கியக் கணக்காகச் சுருக்கக் கூடாது. ஆனால் 'எங்கள் இரத்தம் கெட்டுவிடும்' என்று சொல்லி அரிவாள் எடுப்பவருக்கு ஒன்று சொல்லலாம். கெட்டுக்கொண்டிருப்பது உங்கள் சுவருக்குள்தான்.

அரிவாள் செல்

பழைய வம்சாவளியும் நோயும் சாதியும் ஒன்றாகப் பின்னிக்கிடக்கும் எடுத்துக்காட்டு அரிவாள் செல் இரத்தசோகை. இரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்து நுண்குழாய்களில் அடைத்துக்கொள்ளும். தாங்க முடியாத வலி, சோகை, சிறு வயதிலேயே மரணம் என்று முடியும். இந்தியாவில் இது முதன்முதலில் 1952இல் பதிவானது. லேமனும் கட்புஷும் நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான் இதைக் கண்டார்கள்.

இந்தப் பிழையும் ஒரு காலத்தில் காவலாக இருந்தது. ஓர் ஏட்டில் மட்டும் இந்தப் பிழை உள்ளவரை மலேரியா எளிதில் கொல்லாது என்று ஆண்டனி அலிசன் 1954இல் ஆப்பிரிக்காவில் நிறுவினார். கொசு மிகுந்த காடுகளிலும் சதுப்பிலும் வாழ்ந்தவர்களிடம் இந்த எழுத்து பெருகியதற்கு அதுவே காரணம். காட்டுக்குள் தள்ளப்பட்டவர்களை அது காப்பாற்றியது. இரண்டு ஏட்டிலும் சேர்ந்தபோது அவர்கள் பிள்ளைகளைக் கொன்றது.

பழங்குடிகளோடு இது நிற்கவில்லை. மகாராஷ்டிரத்தின் விதர்பாவில் பட்டியல் சாதியினரிடையே, குறிப்பாக மகர் சமூகத்தில் இது அதிகம் காணப்படுகிறது. அம்பேத்கர் பிறந்த சமூகம் அது. இங்கே எச்சரிக்கை தேவை. 'அது அந்தச் சாதிக்காரர் நோய்' என்று ஊர் பேச ஆரம்பித்தால் பெண்ணுக்கு வரன் நிற்கும், பிள்ளைக்குப் பள்ளியில் பெயர் விழும். பழைய தீட்டு புதிய ஆய்வக அறிக்கையில் வந்து உட்காரும். கடத்துநர் நோயாளி அல்லர். அவரோடு மணம் செய்யத் தடையில்லை. இருவரும் கடத்துநரா என்று தெரிந்திருந்தால் போதும். இதை ஒவ்வொரு சோதனை முகாமிலும் சொல்ல வேண்டும். 2023 ஜூலை 1 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் ஏழு கோடிப் பேரைச் சோதிக்கும் இலக்கை வைத்தது. சோதனை அட்டை கொடுப்பதோடு நில்லாமல், ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை மாதந்தோறும் அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் கிடைக்கிறதா என்பதே அந்த இயக்கத்தை அளக்கும் கோல்.

குடும்பத்தில் ஓடுவதெல்லாம் மரபணு அல்ல

'குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் உண்டா?' என்று மருத்துவர் கேட்கிறார். 'அப்பாவுக்கு இருந்தது, தாத்தாவுக்கும் இருந்தது' என்கிறோம். உடனே பரம்பரை என்று எழுதப்படுகிறது. எங்கள் மாவட்டம் கல்குவாரிகளின் மாவட்டம். தாத்தா கல் உடைத்தார், அப்பா கல் உடைத்தார், மகன் கிரஷரில் நிற்கிறார். கல்தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் மூன்று தலைமுறைக்கும் வரலாம். அதைக் கடத்தியது மரபணு அல்ல, தொழில். சாக்கடைக்குள் இறங்கி மூச்சடைத்துச் சாகும் சாவும் அப்படித்தான். 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பிறகும், அந்த வேலை ஒரே சமூகத்தில் தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது. சாதி மரபணுவை மட்டும் அடைத்துவைக்கவில்லை. தொழிலையும் இருப்பிடத்தையும் குடிநீரையும் அடைத்துவைத்திருக்கிறது.

நீரிழிவையும் இப்படிப் பார்க்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்த பெரிய ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு என்றும், தமிழ்நாட்டில் 14.4 சதவீதத்தினருக்கு என்றும் அது சொன்னது. இந்தியருக்கு அது மரபணுவிலேயே இருக்கிறது என்று பேசுகிறார்கள். பங்கு உண்டு. ஆனால் புனேயில் மருத்துவர் யாக்னிக் குழுவினர் கிராமத்துத் தாய்மார்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து காட்டியது வேறொன்று. போதிய சத்தில்லாத தாயின் வயிற்றில் எடை குறைந்து பிறக்கும் குழந்தை, பார்க்க மெலிந்திருந்தாலும் உடலுக்குள் கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பின்னாளில் நீரிழிவுக்கு அது வழி செய்கிறது. தாயின் பசி பிள்ளையின் உடலில் எழுதப்படுகிறது. பாட்டியின் காலத்துக் கஞ்சித்தண்ணீரும் நம் பரம்பரைச் சொத்துதான். இதற்கு மருந்து ஆய்வகத்தில் இல்லை. கர்ப்பிணிக்கு முட்டையும் கீரையும் பாலும் கிடைப்பதில் இருக்கிறது.

யார் இரத்தம், யார் அறிவு

அமெரிக்காவின் பெரும் பள்ளத்தாக்கில் ஹவசுபாய் என்ற சிறு பழங்குடி வாழ்கிறது. நீரிழிவு அவர்களை வாட்டியது. 1990இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வந்தபோது நம்பி இரத்தம் கொடுத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அந்த இரத்தத்தை மனநோய் ஆய்வுக்கும், அகமணம் பற்றிய ஆய்வுக்கும், அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வுக்கும் கேட்காமலே பயன்படுத்தியிருக்கிறார்கள். வழக்குத் தொடுத்தார்கள். 2010இல் பல்கலைக்கழகம் ஏழு லட்சம் டாலர் கொடுத்ததோடு, மிச்சமிருந்த இரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது. தங்கள் முன்னோரின் இரத்தத்தை அவர்கள் மரியாதையோடு வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள்.

வேங்கைவயலிலும் இரத்தம் கேட்டபோது சிலர் முதலில் மறுத்தார்கள். குற்றம் இழைக்கப்பட்டது எங்களுக்கு, சோதிக்கப்படுவதும் நாங்களா என்பதுதான் அவர்கள் கேள்வி. வழக்கின் உள்ளே நாங்கள் இங்கே நுழையவில்லை. ஆனால் அந்தக் கேள்வி மருத்துவ ஆய்வுக்கும் பொருந்தும். எதற்கு எடுக்கிறீர்கள், எங்கே வைப்பீர்கள், வேறெதற்குப் பயன்படுத்துவீர்கள், முடிவை எங்களுக்கு எங்கள் மொழியில் சொல்வீர்களா என்று கேட்பது அறியாமை அல்ல, உரிமை. இந்திய மரபணுத் திட்டத்தின்கீழ் சுமார் 10,000 பேரின் மரபணு வரிசை 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அந்தக் களஞ்சியத்தில் நம் மக்களின் ஏடுகளும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைய மருந்துகள் நம் உடலை அறியாமலே செய்யப்படும். அதே நேரத்தில், பலன் நம் காலனிக்குத் திரும்ப வர வேண்டும். ஒதுங்கி நிற்பதும் தவறு, கேள்வி கேட்காமல் கையை நீட்டுவதும் தவறு.

நாம் செய்யக்கூடியவை

விராலிமலையிலும் இலுப்பூரிலும் அன்னவாசலிலும் உள்ள நம் இளைஞர்கள் நாளையே தொடங்கக்கூடிய சில வேலைகள் இருக்கின்றன.

ஒவ்வொரு குடும்பமும் மூன்று தலைமுறை நோய்க் குறிப்பு ஒன்றை எழுதி வைக்கட்டும். யார், எந்த வயதில், எதனால் இறந்தார்கள், என்ன வேலை செய்தார்கள் என்று நான்கு வரி போதும். தொழிலை எழுத மறக்காதீர்கள். நடுவயதில் திடீரென்று மாரடைத்து இறந்தவர்கள் குடும்பத்தில் இருவருக்கு மேல் இருந்தால், உயிரோடு இருப்பவர்கள் இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்துக்கொள்ளட்டும். அறுவைச் சிகிச்சையில் மயக்கம் தெளியாமல் யாராவது தவித்திருந்தால், அதை அடுத்த முறை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். ஒரே வீட்டில் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தால் சாமிக் குற்றம் என்று விடாமல், அடுத்த கர்ப்பத்துக்கு முன் மரபணு ஆலோசனை கேளுங்கள். குழந்தை நோயோடு பிறந்தால் தாயின்மீது பழி போடாதீர்கள். நான்கில் ஒன்று என்ற கணக்கில் பாதி தந்தையுடையது.

அரசிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. மாவட்ட மருத்துவமனைகளில் மரபணு ஆலோசகர் வேண்டும். பிறந்த குழந்தைகளுக்கான பரம்பரை நோய்ச் சோதனை இலவசமாக வேண்டும். நிறுவனர் விளைவு உள்ள சமூகம் என்று அறிவிக்கப்பட்டால், அந்தச் சமூகத்துக்கென ஆய்வும் சிகிச்சையும் தொடர வேண்டும். சாதியின் பெயரால் நோயை அறிவித்து அவமானப்படுத்தாத முறையில் அது நடக்க வேண்டும்.

50,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த கலப்பை நாம் மாற்ற முடியாது. 33,000 ஆண்டுகளுக்கு முன் விழுந்த எழுத்துப்பிழையையும் மாற்ற முடியாது. அவை சாதி எல்லைகளைக் கடந்த பொதுவான பாரம். மூன்றாவது அடுக்கு அப்படியல்ல. அதை மனிதர் கட்டினார்கள், மனிதரே இடிக்க முடியும். அதைத்தான் பண்டிதரும் அண்ணலும் தங்கள் காலத்துக் கருவிகளைக் கொண்டு செய்தார்கள். நம் காலத்துக் கருவிகளில் இதுவும் ஒன்று.

ஜெய்பீம்.